எரிமலை தீர்ந்துபோச்சு

இரவு ஒன்பதரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஸ்டேஷனரி கடை. அதற்குள் குனிந்து நுழைந்த ஏழு பேரில் நானும் ஒருவன். ஏழு பேரும் பெற்றோர், அல்லது பெற்றோரால் விரட்டப்பட்டவர்கள். நான் இரண்டாவது ரகம். அக்கா மகன் ஏழாம் வகுப்பு. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் கையில் ஓர் எரிமலை இருந்தாக வேண்டும்.

"எரிமலை தீர்ந்துபோச்சு சார்," என்றார் அண்ணாச்சி. "சந்திரயான் இருக்கு. தரட்டுமா?"

"பாடம் அமிலம், காரம் அண்ணாச்சி. அதுக்கு எப்படி சந்திரயான்?"

"மேடம் மார்க் போட்ருவாங்க சார். போன வருஷமும் தீர்ந்துச்சு. சந்திரயானுக்குத்தான் போட்டாங்க."

என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்து, "செவன்த் சி தானே? உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான். இப்பவே ஏன் ஓடி வர்றீங்க?" என்றார். அந்த அம்மாவுக்கே தெரியாது. ஊரில் எந்தப் பள்ளியில், எந்த செக்‌ஷனில், எந்தத் தேதிக்கு எந்த மாடல் என்பது முழுக்க அந்த மனிதரின் மண்டைக்குள் இருக்கிறது. பள்ளி அனுப்பும் சுற்றறிக்கையைக் கடைசி வரிவரை படிக்கும் ஒரே ஆள் அவர்தான். கல்வி அதிகாரி ஆக்கியிருக்க வேண்டியவர். செலோடேப் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

சந்திரயான் 220 ரூபாய். மறுநாள் பத்துக்கு ஒன்பது. ஒரு மார்க் ஏன் போயிற்று என்று விசாரித்தேன். பெயர் லேபிள் ஒட்டவில்லையாம். அமிலத்துக்கும் நிலவுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் போய்ப் பதில் சொல்லியிருக்க வேண்டும். வாங்கியவன் நான்தானே.

அந்தச் சுற்றறிக்கை இப்போது என் கைபேசியிலும் இருக்கிறது. அக்கா அனுப்பியது. ஜூலை மாதம் நம் நடுநிலை வகுப்புக் குழந்தைகள் என்னென்ன கற்கப்போகிறார்கள் என்று நாலு பக்கம், வண்ணத்தில், பலூன் படத்தோடு. அதில் யாரும் படிப்பதில்லை. 'எக்ஸ்ப்ளோர்' செய்கிறார்கள். யாரும் கணக்குப் போடுவதில்லை. எண்களோடு 'ஜர்னி' போகிறார்கள். வரலாற்றில் 'டைவ்' அடிக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்களா, பயண ஏற்பாட்டு நிறுவனத்துக்குப் போகிறார்களா என்று சந்தேகம் வருகிறது. கட்டணத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

அறிவியல் புத்தகத்தின் பெயர் 'கியூரியாசிட்டி'. என்.சி.இ.ஆர்.டி. வைத்த பெயர். ஆர்வத்தை அட்டையில் அச்சடித்தாகிவிட்டது. வகுப்பில் வேறு எதற்கு? ஆங்கிலப் புத்தகத்தின் பெயர் 'பூர்வி'. கணிதப் புத்தகம் 'கணித பிரகாஷ்'. ஆங்கிலப் பாடத்துக்குக்கூட ஆங்கிலத்தில் பெயர் கிடைக்காத ஏழ்மை இந்த நாட்டுக்கு எப்போது வந்தது? கேரளக் கல்வி அமைச்சர் 2025-ல் இதைக் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. பெயர் அப்படியே இருக்கிறது.

அந்தப் புத்தகம் ஒன்று 65 ரூபாய். ஆனால் எங்கள் பள்ளி அதோடு நிற்காது. அதற்கு 'துணையாக' தனியார் பதிப்பகப் புத்தகங்கள், ஒர்க்புக், ஆக்டிவிட்டி புக், கிராமர் புக், ஜெனரல் நாலெட்ஜ் என்று ஒரு கட்டு. கட்டு பள்ளியிலேயே கிடைக்கும். பள்ளியில் மட்டுமே கிடைக்கும். துணைக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைவிடப் பத்து மடங்கு கனம். பாதிப் புத்தகம் மார்ச்சில் பழைய பேப்பர்க்காரரிடம் புத்தம் புதிதாகப் போகிறது. எடைக்கு எடை நல்ல காசு என்று அவர் மட்டும் பாராட்டுகிறார்.

சமூக அறிவியல் பகுதி சுவாரஸ்யமானது. அதில் இருப்பது அல்ல, இல்லாதது. டெல்லி சுல்தான்களையும் முகலாயர்களையும் என்.சி.இ.ஆர்.டி. 2025-ல் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தூக்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் அவர்கள் வருகிறார்கள். வரும்போதே வரலாற்றின் இருண்ட காலம் பற்றிய ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் கூட வருகிறது. மருந்து பாட்டிலில் ஒட்டுவதுபோல. ஆனால் எங்கள் தெருவைத் தாண்டினால் அரசுப் பள்ளி. அங்கே மாநிலப் பாடத்திட்டம். அங்கே ஏழாம் வகுப்பு முதல் பருவத்திலேயே டெல்லி சுல்தானியம் ஒரு முழுப் பாடம். ஆக, தெருவின் இந்தப் பக்கம் ஏழாம் வகுப்புக்கு அலாவுதீன் கில்ஜி கிடையாது. அந்தப் பக்கம் உண்டு. பாவம், அந்த மனிதர் நடுத்தெருவில் நிற்கிறார்.

தமிழுக்கு வருவோம். மற்றப் பாடங்களுக்கெல்லாம் அடைமொழி போட்ட சுற்றறிக்கை, தமிழுக்கு மட்டும் 'லெசன் டூ, கிராமர்' என்று முடித்துக்கொள்கிறது. சிக்கனம் வேண்டிய இடத்தில் சிக்கனம். தமிழ் கற்பிக்க வேண்டும் என்று 2006-ல் சட்டம் போட்டோம். அதனால் பாடவேளை இருக்கிறது. அந்த நாற்பது நிமிடம் தவிர வளாகத்தில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். பெயரை எழுதிக்கொள்ள வகுப்புக்கு ஒரு லீடர். மருமகனிடம் குற்றியலுகரத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்லுடா என்றேன். "காசு" என்றான். சரியான விடை. எல்லா வகையிலும்.

நாலாம் பக்கத்தின் அடியில், பலூனுக்குக் கீழே, 'வேல்யூ எஜுகேஷன்' என்று ஒரு கட்டம். இந்த மாதத்து நற்பண்பு: நேர்மை.

எரிமலை வாங்கக் கடைக்கு ஓடிய மாதம் அது.

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் படங்கள் வந்தன. முப்பத்தெட்டுக் குழந்தைகள், முப்பத்தைந்து எரிமலை, மூன்று சந்திரயான். எல்லாக் குழந்தைகளும் சிரிக்கிறார்கள். கீழே, குழந்தைகள் செய்து கற்றார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அதற்குப் பெற்றோர் அறுபது கைதட்டல் போட்டார்கள். தங்களுக்குத் தாங்களே. நியாயம்தான், செய்தது அவர்கள்தானே. சோடா மாவில் வினிகரை ஊற்றினால் ஏன் நுரைக்கிறது என்று மருமகனிடம் கேட்டேன். "அது எரிமலைக்காரங்க பாடம் மாமா. நான் சந்திரயான்" என்றான்.

தனியார் பள்ளி என்றால் இப்படித்தான், காசுக்கு வேஷம், என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். முடியவில்லை. என்னோடு படித்தவன் ஒருவன் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அதே ஜூலையில் ஒரு நாள் அவனைப் பார்க்கப் போனேன்.

அங்கே சுற்றறிக்கை இல்லை. பலூன் இல்லை. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே அறையில் இருந்தன. இன்னொரு ஆசிரியர் வாக்காளர் பட்டியல் வேலையில். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அடுத்த மூச்சிலேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் நீங்கலாக என்கிறது. இந்த நாட்டில் எப்போதும் ஏதோ ஒரு தேர்தல் வந்துகொண்டிருக்கும். வராத காலத்தில் வெள்ளம் வரும். அதே சட்டம் ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 நாள், 1000 மணி நேரம் பாடம் நடத்தச் சொல்கிறது. சட்டத்துக்குக் கணக்கு வராது போலும்.

நண்பன் நல்ல ஆசிரியர். எனக்குத் தெரிந்தவரை நம் ஊரில் நல்ல ஆசிரியருக்கு அடையாளம், பிள்ளைகள் அவரிடம் வாய்கொடுப்பதுதான். பாடம் அளவீட்டியல். பிள்ளைகளை வெளியே கூட்டிவந்தான். கொடிக்கம்பத்தின் நிழலை அளக்கச் சொன்னான். தையல்காரரிடம் இரவல் வாங்கிய டேப். ஒரு பையன் நிழலின் காலடியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். இன்னொரு பெண் தலைப்பக்கம் ஓடினாள். டேப் போதவில்லை. அடையாளம் வைத்து மறுபடி அளந்தார்கள். "சார், மூணு மீட்டர், நாப்பத்தி..." என்று ஆரம்பித்தாள்.

போன் அடித்தது. மேலிடம். இன்றைய செயல்பாட்டுப் படம் இன்னும் செயலியில் ஏறவில்லையாம். பதினொரு மணிக்குள் ஏற வேண்டுமாம்.

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் பார்த்தான். "எல்லாரும் டேப்பைப் பிடிச்சுட்டு இப்படி வாங்க" என்றான். நிழலில் இருந்து எல்லோரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். இருட்டாக விழுந்தால் படத்தைச் செயலி ஏற்காது. டேப்பின் இரு முனையிலும் இருவர், நடுவில் மற்றவர்கள். அளப்பதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இல்லை, காற்றைத் தவிர. படம் பிடித்தாயிற்று. பிறகு நெட்வொர்க் தேடி அவன் காம்பவுண்டுச் சுவர் ஓரம் போனான். போனில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னடா?"

"சர்வர்டா. வட்டம் சுத்துது."

வடிவியல் பாடத்தில் வட்டம் அப்புறம்தான் வரும். பிள்ளைகள் முன்கூட்டியே படித்துவிட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து நிழலுக்குத் திரும்பினார்கள். அந்தப் பெண் தான் வைத்த அடையாளத்தைத் தேடினாள். குனிந்து பார்த்தாள். "சார், நிழல் நகந்துட்டு சார்!" என்றாள். குரலில் ஒரு திடுக்கிடல். நண்பன் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் ஆசிரியர்கள் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். "ஏன் நகந்துச்சு?" என்றான். மணி அடித்தது.

அந்த மாதம் அந்தப் பள்ளியில் நடந்த அறிவியல் அந்த ஒரு வரிதான். செயலியில் அதற்குக் கட்டம் இல்லை. படம் ஏறிவிட்டது. 'அளவீட்டியல்: நிறைவு' என்று பச்சை வண்ணத்தில் ஒரு டிக் விழுந்தது.

அங்கே 220 ரூபாய்ச் சந்திரயான். இங்கே காற்றை அளக்கும் டேப். அங்கே வாட்ஸ்அப் குழு, இங்கே செயலி. இரண்டிலும் சாட்சி தயார். கற்றதுதான் இல்லை.

இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊரகப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வு சொல்கிறது. 2024-ல் நாடு முழுவதும் பார்த்தார்கள். மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர்கூட இல்லை. தமிழ்நாடு வேறு, எங்கள் புள்ளிவிவரம் வேறு என்று கோட்டையிலிருந்து யாராவது எழுந்து நிற்பார்கள். உட்காருங்கள் ஐயா. ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தர 2025-ல் 'திறன்' என்று திட்டம் போட்டது நீங்கள்தான். இல்லாத நோய்க்கா மருந்து வாங்கினீர்கள்?

பெயர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. செயல்வழிக் கற்றல். படைப்பாற்றல் கல்வி. இல்லம் தேடிக் கல்வி. எண்ணும் எழுத்தும். திறன். ஒவ்வொரு பெயரும் தேன். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, கையேடு, பேனர், தொடக்க விழா. ஒன்று ஏன் நின்றது, அடுத்தது ஏன் வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பழையது வெற்றியா தோல்வியா என்று கேட்டால், புதியதன் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுக்கிறார்கள்.

நேர், எதிர் விகிதம் என்று ஏழாம் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும். நம் கல்வித் துறையில் இது செல்லாது. மேற்பார்வைக்கு ஆட்கள் கூடக் கூட, பாடம் நடக்கும் நாட்கள் குறைகின்றன. அட, செல்கிறதே!

கலையும் விளையாட்டும் படிக்கிறார்களா? படிக்கிறார்கள், பகுதி நேரமாக. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கொடுக்கவில்லை; பள்ளி விடுமுறையாம். பள்ளிக்கு விடுமுறை சரி. வயிற்றுக்கு? அவர்கள் போராடினார்கள், கைதானார்கள், கல்யாண மண்டபத்தில் அடைக்கப்பட்டார்கள், மாலையில் விடுவிக்கப்பட்டார்கள், மறுபடி போராடினார்கள். நிரந்தரம் ஆக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்த கட்சிகளின் பட்டியலை, 'அரசியல் கட்சிகள்' என்ற ஏழாம் வகுப்புக் குடிமையியல் பாடத்தின் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். தனியார் பள்ளியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்வார்.

பசியைப் பற்றியும் இந்த நாட்டில் பாடத்திட்டம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள். அருமையான திட்டம், இதில் கிண்டலே இல்லை. தொடங்கியபோது எழுதிய விதி: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. நடுநிலைப் பள்ளி என்பது ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். ஐந்தாம் வகுப்புத் தம்பி தட்டில் பொங்கல். ஆறாம் வகுப்பு அக்கா பக்கத்தில் நின்று அவன் சட்டையில் சிந்தாமல் பார்த்துக்கொள்கிறாள். கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்குப் பதினோரு வயதில் பசி நின்றிருக்கலாம். எல்லோருக்கும் அப்படியா?

பணமில்லை என்பார்கள். ஏன் இல்லை? தேசியக் கல்விக் கொள்கையை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தை ஏற்கவில்லை என்று, 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி பிடித்து வைத்தது. மூன்றாவது மொழி படி, முதல் தவணை தருகிறேன். கந்துவட்டிக்காரர்கூட இப்படி நிபந்தனை போட மாட்டார். இங்கே உள்ளவர்கள் அதைக் கண்டித்து மேடை போட்டார்கள். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கண்டித்த மேடையிலிருந்து இறங்கியவர்களில் எத்தனை பேரின் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த மொழி படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மைக் உடனே பழுதாகிவிடும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏழைப் பிள்ளைகள். இந்த இழுபறியில், தனியார் பள்ளிகளில் கட்டாயக் கல்விச் சட்டப்படி அவர்களுக்கான 25 விழுக்காட்டு இடங்களுக்கு 2025-ல் சேர்க்கை தொடங்கியதே அக்டோபரில்தான். ஜூனில் பள்ளி திறந்தது. நாலு மாதம் அவர்கள் கற்ற பாடம், பொறுமை.

நல்லது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்கள் படம் அச்சிட்ட இலவசப் பைகள் லட்சக்கணக்கில் கிடந்தன. படத்தை மாற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று புதிய முதல்வர் சொன்னார். 13 கோடி ரூபாய் மிச்சம். புத்தகப் பையில் யார் முகம் என்பது முக்கியமில்லை என்ற சாதாரண அறிவு, இந்தியா முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. எவ்வளவு அரிதாக இருந்தால் செய்தியாகும் பாருங்கள்.

மறுபடி பாடப் புத்தகத்துக்கு வருவோம். பிற்காலச் சோழர் பாடத்தில் உத்திரமேரூர் வரும். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. குடவோலை முறை. எல்லா மேடையிலும் நம்மவர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வது: ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஜனநாயகம் கண்டோம். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குள் நடந்த தேர்தல் அது. அதைச் சொல்ல மாட்டார்கள். அதே கல்வெட்டில் இன்னொன்று இருக்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது. அந்த வரியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. உறவினர்கள் மேடையில் இருப்பார்கள், சங்கடம்.

அடுத்து குடிமையியல். பாடத்தின் தலைப்பு: சமத்துவம். இதை நடத்தும் ஆசிரியரைப் பார்த்து எனக்கு இரக்கமாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுக் கைகளில் வண்ணக் கயிறு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சாதி. ஊரில் எல்லோருக்கும் எந்த நிறம் எது என்று தெரியும். கல்வித் துறைக்கு மட்டும் நிறக்குருடு. நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். என்ன செய்யலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கேட்டார்கள். அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்றார். அறிக்கையை வாங்கும்போது எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. கயிறு, கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கிறது. அண்ணாச்சி கடையிலும்.

அறிவியலில் உடல் நலம், சுகாதாரம் என்று ஒரு பாடம். எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றியே தனிப் பாடம் உண்டு. 2025 ஏப்ரல். கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்புப் பெண். பட்டியல் சமூகத்துப் பிள்ளை. பூப்பெய்தியிருந்தாள். ஆண்டுத் தேர்வு. அவளை வகுப்பறைக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். அம்மா வந்து கைபேசியில் படம் எடுத்தார். அதனால்தான் நமக்குத் தெரியும். தாயே தனியாக உட்கார வைக்கச் சொன்னார் என்று ஒரு விளக்கம் வந்தது. தலைமை ஆசிரியர் இடைநீக்கம். வழக்கு. கண்டன அறிக்கைகள். மடியில் தேர்வுத்தாளை வைத்துக்கொண்டு, படியில் குனிந்து, ஒரு குழந்தை எழுதுகிறாள். பள்ளியில் பாடம் நடத்தி முடித்தாயிற்று என்பதற்கு அந்த மாதமும் பதிவேட்டில் கையெழுத்து இருந்திருக்கும்.

இதில் எனக்கு நகைச்சுவை வரவில்லை. மன்னிக்கவும். அடுத்த பத்திக்குப் போகலாம்.

ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். 2006 முதல் கல்வி வளர்ச்சி நாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மனிதர், பிறர் பிள்ளைகள் அப்படி விடக் கூடாது என்று பள்ளியில் சோறு போட்டார். மருமகன் பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு 'எளிமை'. பேச்சை எழுதிக் கொடுத்தது செயற்கை நுண்ணறிவு. மனப்பாடம் செய்ய வைத்தது அக்கா. கைதட்டியது நாங்கள். சிறப்பு விருந்தினர் நாலு காரில் வந்தார். அவர் ஒருவர், கார் நாலு. அவருக்காகப் பிள்ளைகள் வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள். நிழல் நகர்வதை அங்கேயும் யாராவது ஒரு பிள்ளை கவனித்திருக்கும். பேச விட்டிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்டு மாதச் சுற்றறிக்கை வந்துவிட்டது. பலூனுக்குப் பதில் கொடி. நண்பனின் செயலிக்கும் புதிய பதிப்பு வந்திருக்கிறது. இனிப் படத்தோடு காணொளியும் ஏற்ற வேண்டுமாம். அண்ணாச்சி முன்யோசனைக்காரர், எரிமலை இரண்டு டஜன் சொல்லி வைத்துவிட்டார்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். சுற்றறிக்கையை மூடி வையுங்கள். மதிப்பெண் அட்டையையும் எடுக்காதீர்கள். இன்று இரவு உங்கள் வீட்டு ஏழாம் வகுப்பைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்து, 345-ஐ ஐந்தால் வகுக்கச் சொல்லுங்கள். விடை 69. பக்கத்தில் உட்காருங்கள். நேரமானாலும் பரவாயில்லை. நீங்கள் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள்.